கையில் ஒரு குச்சி, வெளியே ஒரு கணவர்: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017-லிருந்து 2023 வரை ஒரு தம்பதி கருத்தடை என்ற ஒரே காரணத்துக்காக மூன்று முறை என் கிளினிக்குக்கு வந்திருக்கிறார்கள். மூன்று முறையும் கணவர்தான் வண்டியோட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது முறைதான் நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த ஆறு வருடத் தாமதம்தான் காரணம்.

இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுதியதை இருவரும் படித்தார்கள், இரண்டு இடங்களில் "அப்படி இல்லை டாக்டர்" என்று திருத்தவும் செய்தார்கள். ஆள் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நான் வெறும் பார்வையாளர் இல்லை. நான் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவர். அதற்கு முன்னால் மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டு பிரிட்டனின் மகப்பேறு நிபுணர் தேர்வான எம்.ஆர்.சி.ஓ.ஜி-யின் முதல் பகுதியைப் பாஸ் செய்தேன். முதல் பிள்ளை பிறந்து, இரவு ஆன்-கால் முடித்து வீட்டுக்கு வந்தால் பிள்ளை என்னிடம் வராமல் என் அம்மாவின் தோளிலேயே ஒட்டிக்கொண்டு அழுத ஒரு காலையில் அந்தப் பாதையை விட்டேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கிற பொது மருத்துவத்துக்கு வந்தேன். வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தத் தீர்மானம் என் மனதுக்குள் ஒரு விதியாகவே உட்கார்ந்துவிட்டது. பிள்ளை வேண்டுமென்றால் பெண் தன் நிபுணத்துவத்தை விட்டுவிட்டுப் பொது வேலைக்கு வந்துவிடுவதுதான் நல்லது என்ற விதி. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஆலோசனை சொல்லும்போதெல்லாம் அது உள்ளே இருந்து பேசியிருக்கிறது.

2017

அப்போது மனைவிக்கு வயது 28, கல்யாணமாகி ஆறு மாதம். பாயான் லெப்பாஸில் ஒரு செமிகண்டக்டர் தொழிற்சாலையில் பழுதாய்வுப் பொறியியலாளர். வாடிக்கையாளரிடம் போய்ச் செயலிழந்த சிப் திரும்பி வந்தால் அது ஏன் செயலிழந்தது என்று கண்டுபிடிப்பது இவர் வேலை. மேலே இருக்கும் கறுப்பு உறையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உள்ளே இருப்பதை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியை விட மெல்லிய கம்பி எங்கே அறுந்தது, எந்த இடத்தில் மின்சாரம் கசிந்தது என்று தேடுவார். "பிரேதப் பரிசோதனை மாதிரிதான் டாக்டர்" என்று சிரித்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய பிறகு அங்கே தயாரிப்பு வரிசையில் உட்கார்ந்து, நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக் கண் எரிந்த நம் பெண்களில் அவருடைய பெரியம்மாவும் ஒருவர். இவர் அதே இடத்துக்குப் பட்டதாரியாகப் போயிருக்கிறார், குடும்பத்துக்கே அது பெருமை.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் ஷிப்ட் மாறி மாறி வந்ததால் அடிக்கடி மறந்தார். மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டால் வருடத்துக்கு ஆயிரம் பேரில் மூன்று பேர் கருத்தரிப்பார்கள், ஆனால் நடைமுறையில் மனிதர்கள் சாப்பிடுகிற விதத்தில் பார்த்தால் அது நூறு பேரில் ஏழு பேர் ஆகிவிடுகிறது. ஆணுறைக்கும் அப்படித்தான், சரியாகப் பயன்படுத்தினால் நூறில் இரண்டு, நடைமுறையில் பதின்மூன்று. இந்த எண்களை எப்போதும் ஒரு தாளில் எழுதித்தான் காட்டுவேன், அன்றைக்கும் காட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அவருக்கு வேண்டாம் என்று நானே சொன்னேன். ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் தன்மை திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், பலருக்கு ஒன்பது பத்து மாதம் கூட ஆகிறது, புதிதாகக் கல்யாணமானவருக்கு அது பொருந்தாது. காப்பர் டி பத்து வருடம் வரை வேலை செய்யும், ஹார்மோன் கிடையாது, ஆனால் மாதவிடாய்ப் போக்கைக் கூட்டக் கூடும், அவருக்கு ஏற்கெனவே போக்கு அதிகம்.

கடைசியில் கையில் வைக்கும் இம்ப்ளான்ட்டைத் தேர்ந்தெடுத்தார். நாலு சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன், வளையக்கூடிய ஒரு குச்சி. மேற்கையின் உள்பக்கம் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் மூன்று வருடம். தோற்றுப்போகும் வாய்ப்பு வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் போகாது. அவரைச் சம்மதிக்க வைத்தது அந்த எண் இல்லை, "இதில் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்று நான் சொன்ன ஒரு வாக்கியம்தான். அதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

முதல் ஐந்தாறு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் இரத்தக் கசிவு வந்தது. இம்ப்ளான்ட்டை எடுக்கச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் வருவார்கள். கோவிலுக்குப் போக முடியாமல், வீட்டில் மாமியாரிடம் காரணமும் சொல்ல முடியாமல் திண்டாடினார். (குச்சி வைத்திருப்பது மாமியாருக்குத் தெரியாது. வீட்டில் குட்டைக் கை ரவிக்கை போடுவதையே நிறுத்திவிட்டாராம், இதெல்லாம் அவர் பிறகு சொன்னது.) அப்புறம் கசிவு நின்றது, மாதவிடாயும் ஏறக்குறைய நின்றுபோனது. கணவர் அன்று வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

2020

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த நேரம். எல்லாரும் முகக்கவசத்தோடு, கிளினிக்கில் நாற்காலிகளை ஒன்று விட்டு ஒன்று கயிறு கட்டி வைத்திருந்தோம். கணவரை உள்ளே விடவே இல்லை, வேனில் உட்கார்ந்திருந்தார். பழைய குச்சியை எடுத்து அதே வெட்டு வழியாகப் புதியதை வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் குறிப்பில் இரண்டு வரி: பிரச்சினை இல்லை, மாற்றியாயிற்று, 2023-இல் வரவும்.

இந்த வழக்கில் மருத்துவராக நான் செய்த தவறு இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கைத் திறமையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருடம் முடிந்து ஒருவர் வந்து உட்காருகிறார் என்றால் அவர் வாழ்க்கையில் ஒரு தவணை முடிந்து அடுத்தது தொடங்குகிறது, அந்த இடத்தில் "இந்த மூன்று வருடத்தில் என்ன மாறியிருக்கிறது? அடுத்த மூன்று வருடத்தில் என்ன வேண்டும்?" என்று கேட்கிற கடமை எனக்கு இருந்தது. கேட்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்குத் தினமும் ஒருமுறையாவது அந்தப் பேச்சு மனதுக்குள் வந்து போகும், மாத்திரை தீர்ந்தால் வாங்க வேண்டும், வாங்கப் போனால் யோசிக்க வேண்டும். குச்சி ஒரு சத்தமும் போடாமல் வேலை செய்கிறது, அதனால் கணவன் மனைவிக்குள் நடந்திருக்க வேண்டிய பேச்சு நடக்காமலே போய்விட்டது. குச்சியைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் பலருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டிய ஆள் நான்.

2023: நான்கு பக்கத் தாள்

மூன்றாவது முறை வந்தபோது அவருக்கு 34 வயது. கையில் ஏ-நாலு தாளில் நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். பழுதாய்வு அறிக்கை எழுதிப் பழகிய கை, கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு அவ்வளவு நேர்த்தி.

விஷயம் இதுதான். தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு வழி திறந்திருந்தது. ஒன்று, பழுதாய்விலேயே மேலே போவது, பிரின்சிபல் இஞ்சினியர் என்ற நிலையை நோக்கி. மூன்று மாதம் வெளிநாட்டுப் பயிற்சி, புது இயந்திரத்துக்கு முழுப் பொறுப்பு. இன்னொன்று, புரோகிராம் மேனேஜர், அதாவது எந்தத் தொழில்நுட்பத்திலும் ஆழமாகப் போகாமல் எல்லாத் துறையையும் இணைத்து ஒரு தயாரிப்பை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓட்டுவது. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்கு நடுவில் பிள்ளை. மாமியார் எப்போது என்று கேட்கிறார். அலுவலகத்தில் மூத்த பெண் ஒருவர், அக்கறையோடுதான், "பிள்ளை பெறப் போகிறாய் என்றால் மேனேஜ்மெண்டுக்குப் போய்விடு, லேபில் இருந்தால் லீவிலிருந்து திரும்பி வரும்போது உன் அறிவு பழசாகியிருக்கும்" என்றிருக்கிறார். தோழி ஒருத்தி நேர் எதிராகச் சொல்லியிருக்கிறாள், மேனேஜரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், நிபுணரை மாற்ற முடியாது என்று. போதாததற்கு ஒரு தனியார் மையத்தில் பேக்கேஜ் பரிசோதனை செய்திருந்தார், ஏ.எம்.எச் என்ற ஹார்மோனின் அளவு குறைவு, கருமுட்டை இருப்பு குறைந்து வருகிறது, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பரிசோதனைத் தாளை அவர் மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது.

முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பேசினேன். ஏ.எம்.எச் என்பது கருமுட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றி ஓரளவு சொல்லும், செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குத் தயாராகும்போது மருந்தின் அளவை முடிவு செய்ய உதவும். கருத்தரிப்பதில் பிரச்சினை இல்லாத ஒரு பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாளா என்பதை அது சொல்லாது. 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 30 முதல் 44 வயது வரையுள்ள 750 பெண்களைப் பார்த்தார்கள், ஏ.எம்.எச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் கருத்தரித்தார்கள். அதோடு, ஹார்மோன் கருத்தடை உடம்பில் இருக்கும்போது இந்த அளவு குறைத்துக் காட்டவும் கூடும், அவர் கையில் குச்சி இருக்கிறதா என்றே அங்கே யாரும் கேட்கவில்லை. வயதுக்கு அர்த்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பதுகளின் நடுவிலிருந்து கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைய ஆரம்பிக்கும், கருச்சிதைவும் கூடும். ஆனால் 35-ஆவது பிறந்தநாள் அன்று கதவு சாத்தப்படுவதில்லை. இதைக் கேட்டதும் அவர் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டார், திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் நான் ஒரு தவறு செய்தேன். அவர் கேட்காமலே, "என் அனுபவத்தில் சொல்கிறேன், பொதுவான வேலைதான் பிள்ளையோடு ஒத்துப்போகும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டு வேலையிலும் ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று மணிக்கணக்கில் எழுதியிருந்தார், அந்த வேலையில் இருப்பவர்களிடமே கேட்டு எழுதியது. புரோகிராம் மேனேஜருக்கு வாரத்தில் மூன்று இரவு கலிஃபோர்னியாவோடு கூட்டம். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே இரவு பதினொன்று, குளிர்காலத்தில் நடுராத்திரி. போன் எப்போதும் கையில். யார் எங்கே தவறினாலும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் இவர். பழுதாய்வில் அப்படி இல்லை. "மைக்ரோஸ்கோப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது டாக்டர். நான் லேபை விட்டு வெளியே வந்தால் வேலையும் அங்கேயே நின்றுவிடும்."

எனக்கு அது சுருக்கென்று இருந்தது. என் துறையில் நிபுணர் என்றால் ராத்திரியில் கூப்பிடுவார்கள், பொது மருத்துவர் என்றால் கிளினிக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதை உலகத்துக்கே பொருத்திவிட்டேன். அவருடைய துறையில் அது தலைகீழ். நிபுணரா பொதுவானவரா என்ற கேள்வியை விட, அந்த வேலை உங்கள் எந்த மணி நேரத்தைக் கேட்கிறது, உங்களுக்குப் பதில் இன்னொருவர் அந்த மணி நேரத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் பிள்ளையைப் பொறுத்தவரை முக்கியம் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அறிவு பழசாகிவிடும் என்ற பயத்தையும் அவர் ஏற்கெனவே அலசியிருந்தார். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் துறையிலும் மகப்பேறு விடுப்பு 98 நாள், அதற்கு முன் 60. மூன்று மாதத்தில் ஒரு இயந்திரம் மாறலாம், கம்பி ஏன் அறுகிறது என்பதன் இயற்பியல் மாறாது. பாயான் லெப்பாஸில் வேலை போனாலும் பாலத்தைத் தாண்டினால் கூலிம் என்ற தொழில் நகரத்தில் அவருக்கு வேலை உண்டு.

லேபில் இருக்கும் இரசாயனங்கள் பற்றித்தான் அவருக்கு உண்மையான பயம். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் சிலிக்கான் தட்டு தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று ஆய்வுகள் வந்தன, எத்திலீன் கிளைக்கால் ஈத்தர் வகைக் கரைப்பான்கள்தான் காரணமாகப் பேசப்பட்டு, பிறகு அவை விலக்கப்பட்டன. அதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் லேபில் அந்தக் கரைப்பான் இல்லை, ஆனால் அமிலம் இருக்கிறது, எக்ஸ்ரே பெட்டி இருக்கிறது. தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள் என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி ஆபத்தான இரசாயனம் பயன்படுத்தும் இடத்தில் முதலாளி அபாய மதிப்பீடு செய்திருக்க வேண்டும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அந்த வேலையிலிருந்து விலக்குக் கேட்க இடம் உண்டு. பிறகு அவர் கொண்டுவந்த பட்டியலில் பதினான்கு வேலை இருந்தது, மூன்றை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்தால் போதும் என்று தொழில்சார் மருத்துவர் சொன்னார். நிபுணராக இருந்ததால்தான் அவரால் இவ்வளவு துல்லியமாகக் கேட்க முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் 2017-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். உங்களுக்குப் பிள்ளை வேண்டுமா?

அவர் அழவில்லை, ஆனால் குரல் மாறியது. "எப்போது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டுமா என்று நீங்கள்தான் கேட்கிறீர்கள்." வேண்டாம் என்று சொல்லியிருந்தால் குச்சியை மாற்றி அனுப்பியிருப்பேன். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி நிம்மதியாக வாழும் இரண்டு தம்பதிகள் என்னிடம் வருகிறார்கள், அவர்களிடம் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. இவர் வேண்டும் என்றார். "ஆனால் எல்லாவற்றையும் நானே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதை நினைத்தால்தான் வேண்டாம் போலிருக்கிறது."

வெளியே இருந்தவர்

எழுந்து போய்க் கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "நானா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டேன். ஏர்கான் சர்வீஸ், வயரிங், வாட்டர் ஹீட்டர், தானியங்கி கேட், கூரை ஒழுகினால் கூரை. சொந்தமாக ஒரு வேன், ஓர் உதவியாள். "எல்லா வேலையும் செய்வேன் டாக்டர், எதிலும் பெரிய ஆள் இல்லை" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். எந்த நாள் எந்த வீட்டுக்குப் போவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். நான்தான் என்றார். காலை பதினோரு மணிக்குத்தான் வேலை தொடங்குவேன் என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களா? கொஞ்சம் பேர் போவார்கள், மீதிப் பேர் காத்திருப்பார்கள், ஏர்கான் சர்வீஸ் என்ன பிரசவமா என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான்கு பக்கத் தாளில் மாமியார் இருந்தார், அலுவலக அக்கா இருந்தார், ஆயா செலவு மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று இருந்தது, பாலத்தில் காலை நெரிசல் எத்தனை நிமிடம் என்றுகூட இருந்தது. அவர் கணவரின் நேரம் மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை. பிள்ளைக்காக ஒரு பொதுவான வேலைக்கு மாறலாமா என்று ஒரு நிபுணர் ஆறு மாதமாகத் தூக்கம் கெட்டு யோசித்திருக்கிறார், அதே வீட்டில் தன் நேரத்தைத் தானே வைத்திருக்கிற, எல்லா வேலையும் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை, ஆறு வருடமாக மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருந்தேன்.

இது இந்த ஒரு குடும்பத்தின் பழக்கம் இல்லை. 1966-இல் இந்த நாட்டில் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கினார்கள், 1984-இல் மக்கள்தொகையை 70 மில்லியனுக்குக் கொண்டுபோவோம் என்று கொள்கை மாறி வாரியத்தின் பெயரும் மாறியது. 1970-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளை, 2022-இல் 1.6. குறைவாகப் பெறுங்கள் என்றபோதும் அதிகம் பெறுங்கள் என்றபோதும் பேச்சு பெண்ணோடுதான். என் கிளினிக்கில் கருத்தடைக்கான அட்டைகளை எடுத்துப் பார்த்தேன், அத்தனையும் பெண்கள் பெயரில். ஆணுறை வாங்கிப் போகிற ஆணுக்கு அட்டையே போட்டதில்லை.

கணவர் உடனே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். "ஆம்பிள்ளை வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, பொண்டாட்டி வேலைக்குப் போகிறாள் என்று சொல்வார்களே" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அவர் மனைவியும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்ப வந்தார்கள், இந்த முறை மாமியாரும் வந்திருந்தார். சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். குச்சி விஷயம் அதற்குள் வீட்டில் சொல்லப்பட்டு, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு சமாதானமாகியிருந்தது. அவர் மகனைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "ஒன்ன நாப்பது நாளுல ஆயாக் கொட்டாயில போட்டுட்டுத்தான் விடியக்காலம் மரம் வெட்டப் போனேன். ஒங்கப்பா அப்பவே பாத்திருந்தா ஒன்ன ஏன் அங்க போடுறேன்?" வேலைக்குப் போகும் தாய் என்பது நம் வீடுகளில் நேற்று வந்த விஷயம் இல்லை. தோட்டத்தில் முழு வரிசையும் அப்படித்தான் வாழ்ந்தது, பிள்ளையை வைத்துக்கொள்ளக் கொட்டகையும் ஆயாவும் இருந்தார்கள். தோட்டம் போனது, கொட்டகையும் போனது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை.

அதற்கப்புறம்

குச்சியை எடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அந்த ஹார்மோன் இரத்தத்தில் இருக்காது, ஊசி மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலம் அன்றைக்கே ஆரம்பித்தோம், ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்தோம், பரம்பரை இரத்த நோயான தலசீமியா இருவருக்கும் பார்த்தோம். அவர் பழுதாய்வையே தேர்ந்தெடுத்தார், மூன்று மாத வெளிநாட்டுப் பயிற்சிக்கும் போய்வந்தார். குச்சி எடுத்த ஐந்தாவது மாதம் கருத்தரித்தார்.

26-ஆவது வாரத்தில் சர்க்கரைக் கரைசல் குடித்துப் பார்த்ததில் இரண்டு மணி நேர அளவு 8.4 மில்லிமோல், அதாவது 7.8 என்ற எல்லைக்கு மேல். கர்ப்பகாலச் சர்க்கரை. நம் இனத்தில் இது சகஜம், அவர் அம்மாவுக்கும் சர்க்கரை. விரல் குத்திப் பார்த்து எழுதும் புத்தகத்தைக் கணவர்தான் வைத்திருந்தார், சோற்றைக் கப்பில் அளந்து போட்டதும் அவர்தான். சாப்பாட்டிலேயே கட்டுக்குள் வந்தது, இன்சுலின் தேவைப்படவில்லை. ஆண் குழந்தை, 2.9 கிலோ.

98 நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். காலை ஏழு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிக்கும்படி எழுத்தில் விண்ணப்பித்தார். அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தால் 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது, இவருக்கு மூன்று வாரத்தில் சரி என்று வந்தது. கணவருக்குத்தான் எந்தச் சட்டமும் உதவவில்லை. தந்தையருக்கான ஏழு நாள் சம்பள விடுப்பு முதலாளி இருப்பவர்களுக்கு, சொந்த வேன் ஓட்டுகிறவருக்கு யார் கொடுப்பார்கள்? முதல் நான்கு மாதத்தில் வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒரு பங்கு போனார்கள். கடனில் இரண்டு தவணை தவறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு தடுப்பூசிக்கு வந்த ஒரு நாள், வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்கள் "பாவம், பொண்டாட்டி எங்கே?" என்று கேட்டதில் அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். பகலில் பேச ஆளில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். இதே வார்த்தையைப் பெண்கள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள், ஒரு ஆண் சொல்லி அப்போதுதான் கேட்டேன். ஆறாவது மாதத்திலிருந்து பதினோரு மணி வரை அவர், அதற்குப் பிறகு நாலு மணி தாண்டும் வரை மாமியார், அப்புறம் அம்மா என்று ஒரு முறைக்கு வந்தார்கள். வேன் திரும்ப ஓடுகிறது.

பிரசவத்துக்குப் பிறகான கருத்தடைக்கு இருவரும் சேர்ந்துதான் உள்ளே வந்தார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் வராமல், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்தால் அதுவே நூறில் தொண்ணூற்றெட்டு பேரைக் காக்கும், ஆனால் அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. திரும்பக் குச்சி வைக்கலாம், பாலுக்குப் பாதகமில்லை என்றேன். அவர் இந்த முறை ஹார்மோன் வேண்டாம் என்றார். கணவர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பற்றிக் கேட்டார், தனக்கு. இடத்தை மரக்க வைத்துச் செய்கிற சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பெண்ணுக்குச் செய்வதை விட எளிது, செய்த பிறகு பன்னிரண்டு வாரம் போல மற்றொரு முறையும் வேண்டும், விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை. ஆனால் திரும்பச் சேர்ப்பது நிச்சயமில்லை, இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று இருவருக்கும் உறுதியா என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இல்லை, இன்னும் இல்லை. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதுவரை ஆணுறை, தவறினால் 72 மணி நேரத்துக்குள் அவசர மாத்திரை என்று முடிவு செய்தார்கள். "நடைமுறையில் நூறில் பதின்மூன்று, இல்லையா டாக்டர்?" என்று கணவரே கேட்டார். 2017-இல் நான் தாளில் எழுதிக் கொடுத்ததை மனைவி இத்தனை வருடமாக வைத்திருந்து, இப்போது அவரைப் படிக்க வைத்திருக்கிறார்.

வெளியே போனபோது தாதி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி வரவேண்டிய தேதியை எழுதுவதற்காக மனைவியின் பெயரைத் தேடினார். கணவர், "இது என் பேருல போடுங்க சிஸ்டர்" என்றார். புது அட்டை ஒன்று எடுத்து, அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.